ஒன்பதாம் பிரிவும் ஒரு மணி நிழலும்

சட்டம் எழுதும் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் திருடி. பத்தொன்பது வருடமாக ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாத பெண்ணுக்கு இப்படி ஒரு பட்டம் கிடைத்தது என்றால், அதற்குக் காரணம் பின்பக்க அறையில் ஜன்னலோரம் கிடந்த ஒரு கை உடைந்த நாற்காலி.

அந்த அலுவலகத்தின் வழக்கம் அப்படி. ஒரு மசோதாவை எழுதி முடித்ததும், மேலே அனுப்புவதற்கு முன்னால், எல்லோரும் அந்த அறையில் கூடுவார்கள். ஒருவர் பிரிவு பிரிவாக வாசிப்பார். இன்னொருவர் கை உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து, இந்தச் சட்டத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கும் திருடனாக இருக்க வேண்டும். எந்த இடத்தில் எப்படி நழுவுவேன் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த இடத்தை அடைப்பது மற்றவர்கள் பாடு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளை விளையாட்டாகத்தான் அதில் உட்கார வைத்தார்கள். ஏரியில் கழிவு கொட்டக் கூடாது என்று ஒரு மசோதா. வாசித்து முடித்ததும் அவள் கையைக் கட்டிக்கொண்டு, "நான் ஏரியில கொட்ட மாட்டேன் சார். ஏரிக்குப் போற ஓடையில கொட்டுவேன்" என்றாள். அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பூனை மாதிரி இருந்துகொண்டு இந்தப் பெண் எப்படி யோசிக்கிறாள் பார் என்று மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். அன்று முதல் அந்த நாற்காலி அவளுக்கே சொந்தம். பட்டமும் கூடவே வந்தது.

போன வருடம் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்தது. அலுவலகத்திலேயே நல்ல அறை அதற்கு. ஏசி அதற்கு. பழைய சட்டங்கள், தீர்ப்புகள், செல்லரித்த கோப்புகள் என்று அது கேட்டதையெல்லாம் தட்டில் வைத்து நீட்டினார்கள். யாரும் குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த உபசாரத்தைப் பார்த்து அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் விழுந்தது. காலையில் வந்ததும், "மாப்பிள்ளை எழுந்தாச்சா?" என்று கேட்டால், கணினியைப் போட்டாகிவிட்டதா என்று அர்த்தம்.

மாப்பிள்ளையிடம் திருடியின் வேலையையும் கொடுத்தார்கள். அவள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு இருபது வழி கண்டுபிடிப்பாள் என்றால், அது டீ ஆறுவதற்குள் நூறு வழி கண்டுபிடித்தது. முதல் நாள் அவளுக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் நாலு நாளில் பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, பிடித்தும்போயிற்று. தன்னைப் போலவே கோணலாக யோசிக்கிற ஒரு ஆள் பக்கத்து அறையில் இருக்கிறது என்பது அவளுக்கு ஒரு துணை மாதிரி இருந்தது. ஒரு திருட்டுத்தனத்தை அது சொல்ல, அதைவிடப் பெரியதை அவள் சொல்ல, இருவருக்கும் பொழுது நன்றாகவே போனது.

இப்படி இருக்கையில்தான் நடைபாதைக் கடைகள் மசோதா வந்தது.

நல்ல மசோதா. நடைபாதையில் பிழைப்பவர்களை இனி நினைத்த நேரத்தில் யாரும் விரட்டக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஓர் உரிமம், ஓர் இடம். திருடிக்கு இதில் தனிப் பிரியம். அவளுடைய நாத்தனாரே நடைபாதையில்தான் உட்கார்ந்திருந்தாள். கணவனின் தங்கை. துணிக் கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, வானத்தைப் பார்க்காமல் இனி இருக்க முடியாது என்று வெளியே வந்தவள். சின்னச் சக்கரங்கள் வைத்த ஒரு தையல் மிஷினும் ஒரு முக்காலியும்தான் கடை. பை தைப்பாள், பட்டை மாற்றுவாள், ஜிப் போடுவாள். அவள் கை பட்ட ஜிப் அதற்குப் பிறகு மக்கர் பண்ணியதாகப் பேச்சே இல்லை.

இந்த உறவைத் திருடி முதல் நாளே தலைமை வரைவாளரிடம் சொல்லிவிட்டாள். அவர் அதைக் கோப்பில் எழுதி வாங்கிக்கொண்டார். எதையும் பூட்டிவிட்டுத்தான் தூங்குவார் அவர். சட்டத்தில் ஊசி நுழையும் இடம் இருந்தாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அலுவலகத்தில் அவருக்குப் பூட்டு என்று பெயர். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு.

மசோதாவில் மாப்பிள்ளை கண்டுபிடித்த வழிகள் நூற்று நாற்பத்து மூன்று. மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடைத்தார்கள். கடைசி வழிதான் கெட்டிக்காரத்தனமானது. ஒரு ஆள் இரண்டு இடத்துக்கு உரிமம் வாங்கி, ஒன்றில் தான் உட்கார்ந்துகொண்டு மற்றதை இன்னொருவருக்கு வாடகைக்கு விடலாம். நாளடைவில் தெருவையே வளைத்துப் போடலாம். அதை அடைத்தது திருடி. ஒன்பதாம் பிரிவில் ரத்தினச் சுருக்கமாக எழுதினாள். ஒருவருக்கு ஓரிடம், அந்த இடம் தவிர வேறெங்கு கடை வைத்தாலும் உரிமம் ரத்து.

பூட்டு அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "இதுல எறும்பு நுழையுமாம்மா?" என்று கேட்டார்.

"காத்து நுழையாது சார்."

அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். வெள்ளிக்கிழமை மசோதா அமைச்சரிடம் போக வேண்டும் என்று முடிவாயிற்று. திருடிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுடைய கைப்பை பட்டை அறுந்தது. நாத்தனார் கடை நாலு தெரு தள்ளித்தான். தினமும் காலையில் ஆபீசுக்கு வரும்போது அவளைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவாள். கிழக்கு நடைபாதையில், வங்கிச் சுவருக்குக் கீழே, நிழலில், பைகள் குவிந்து கிடக்க நாத்தனார் உட்கார்ந்திருப்பாள். மத்தியான நேரத்தில் திருடி அந்தப் பக்கம் போனதே இல்லை. ஆபீஸ் நேரம் யாரை விட்டது?

இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் வங்கிச் சுவருக்குக் கீழே ஆளும் இல்லை, மிஷினும் இல்லை. சுவர் கொதித்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பகீரென்றது. உடம்பு சரியில்லையா, யாராவது விரட்டிவிட்டார்களா என்று மனசு கண்டபடி ஓடியது.

"அண்ணி! இங்க! எதிர்ப்பக்கம்!"

மேற்கு நடைபாதையில், தபால் நிலையச் சுவருக்குக் கீழே, காலையில் பார்த்த அதே மிஷின், அதே முக்காலி, அதே ஆள். பைகள்கூட அதே குவியலாகத்தான் கிடந்தன.

திருடி தெருவைக் கடந்து வந்தாள். "நீ எப்போ இந்தப் பக்கம் வந்தே?"

"தினமும் ஒரு மணிக்கு. நிழல் மாறிடுதே அண்ணி. பையைக் குடுங்க. அடக் கடவுளே, இது பையா இல்ல கோணியா? இதுக்குள்ள என்ன, ஆபீசையே தூக்கிப் போட்டுட்டு வந்தீங்களா?"

திருடிக்குச் சிரிப்பு வரவில்லை. வேறெங்கு கடை வைத்தாலும் உரிமம் ரத்து. அவள் கையால் எழுதிய வரி.

மசோதா சபைக்குப் போகும்வரை அதைப் பற்றி வெளியில் மூச்சு விடக் கூடாது. ஆகவே அவள் சுற்றி வளைத்துக் கேட்டாள். "ஏன், அங்கயே ஒரு குடை வச்சுக்கிட்டு உக்காரலாமே?"

"இதைத் தொட்டுப் பாருங்க." நாத்தனார் மிஷினின் இரும்புக் கையைக் காட்டினாள். நிழலுக்கு வந்து ஒரு மணி நேரம் ஆகியும் அது சுட்டது. "ஒரு நாள் பிடிவாதமா அங்கயே இருந்து பார்த்தேன். உள்ளங்கை கொப்பளிச்சுப் போச்சு. வர்றவங்களும் வெயில்ல நிக்க மாட்டாங்க. பாதி நாள் வேலை போச்சுன்னா அப்புறம் கம்பெனிக்குத்தான் திரும்பிப் போகணும். அதுக்கு நான் மண்ணைத் தின்னுட்டுக் கிடப்பேன்."

"அப்போ ரெண்டு இடமும் உன்னோடதா?"

"என்ன அண்ணி சின்னப் பிள்ளை மாதிரி கேக்கறீங்க? ஒரு ஆளு ஒரே நேரத்துல ரெண்டு இடத்துலயா உக்கார முடியும்? காலையில அது, மத்தியானம் இது. அவ்வளவுதான்." பட்டையில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இந்தாங்க. இனி பை கிழியும், பட்டை கிழியாது."

திருடி ஆபீசுக்குத் திரும்பியதும் நேரே மாப்பிள்ளையின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விசைப்பலகையை ஏறக்குறைய குத்தினாள் என்றே சொல்ல வேண்டும். 'ஒன்பதாம் பிரிவால் ஒழுங்காகப் பிழைப்பவர்களுக்குக் கேடு வரும் என்று நீ ஏன் சொல்லவில்லை?'

பதில் சாந்தமாக வந்தது. 'திருடனாக இருந்து பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தேன். நேர்மையான ஆளாக இருந்து பார்க்கும்படி இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனாலும், திருடர்கள் எல்லோரையும் அடைத்த பிறகு மற்றவர்கள் நுழைய வழி இருக்கிறதா என்று நானே கேட்டிருக்கலாம்.'

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கோபம் சப்பென்று இறங்கிவிட்டது. அதைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? இந்த அலுவலகத்தில் இத்தனை வருடத்தில் ஒருவரும் அந்த நாற்காலியில் நல்லவராக உட்கார்ந்ததில்லை. அவளும் உட்கார்ந்ததில்லை. திருடன் எப்படி ஓடுவான் என்று கேட்டுக் கேட்டு அடைத்தார்களே ஒழிய, ஒழுங்கான மனுஷி எப்படி உள்ளே வருவாள் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

'இப்போது இருந்து பார்' என்று எழுதினாள்.

திரையில் முப்பத்தொரு பேர் வந்து நின்றார்கள். நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து இடத்தை இழந்தவர். பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்ததும் அம்மாவைக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஓடியவள். நோட்டீஸை வாசிக்கத் தெரியாதவர். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பிரிவில் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். மூன்று வாரம் பார்த்துப் பார்த்துக் கட்டிய மதிலில் கதவு வைக்க மறந்த கதைதான்.

ஆனால் அந்த முப்பத்தொரு பேரில் நிழலுக்காக இடம் மாறுபவர் ஒருவர்கூட இல்லை. அதுவும் நியாயம்தான். எந்தக் கோப்பில், எந்தத் தீர்ப்பில் நிழலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அது தெரிந்துகொள்ள? திருடியே தினமும் அந்த வழியில் நடந்தும் தெரிந்துகொள்ளவில்லை. அவள் நிழலைப் பற்றி எழுதிக் கொடுத்தாள். மாப்பிள்ளைக்கு உடனே புரிந்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது. சூரியன் எந்த மாதத்தில் எந்தக் கோணத்தில் விழும் என்று அட்டவணை போட்டு, நாலு பக்கத்துக்குப் புதுப் பிரிவு ஒன்று எழுதி நீட்டியது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. நாத்தனார் கையில் கோணமானியைக் கொடுத்தால் அதையும் பைக்குள் வைத்துத் தைத்துவிடுவாள்.

சிரிப்பு பூட்டின் அறை வாசல் வரைதான்.

"ஒரு நாத்தனாருக்காக ஒரு சட்டமா?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "முதல் நாளே எழுதிக் குடுத்தீங்க, சந்தோஷம். இன்னிக்கு என்ன சொல்றீங்க? அவங்களுக்குத் தோதா ஒன்பதைத் திறந்து விடணுமா?"

"அவளுக்காக மட்டும் இல்ல சார்."

"வேற யாரு இருக்கா? பேர் சொல்லுங்க."

அவளுக்கு யார் பெயரும் தெரியாது. அவள் பார்த்தது அந்த ஒருத்தியைத்தான். "நாளைக்கு ஒரு மணிக்கு என்கூட வந்து பாருங்க சார். வேற யாரும் இல்லைன்னா நான் வாயைத் திறக்கல. அப்படியே வெள்ளிக்கிழமை அனுப்பிடலாம்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நிச்சயமில்லை. நாத்தனார் மட்டும்தான் அப்படி என்றால்? அன்று வீட்டில் கணவன் இரண்டு முறை கூப்பிட்டும் அவள் காதில் விழவில்லை. ராத்திரிக்கு மிஷினை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிட்டுப் போக வழக்கம்போல வந்த நாத்தனார், "அண்ணி முகம் ஏன் இப்படித் தொங்கிப்போய்க் கிடக்கு? அண்ணன் ஏதாவது சொன்னானா? சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றாள். கணவன் பாவம், ஒன்றும் புரியாமல் விழித்தான்.

மறுநாள் ஒரு மணிக்குக் கால் மணி நேரம் முன்பே இருவரும் அந்தத் தெருவில் நின்றார்கள். பூட்டு கோப்பைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். கிழக்குப் பக்கத்தில் நிழல் கயிறு மாதிரி மெலிந்துவிட்டது. யாரும் அசையவில்லை. திருடி தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பவும் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு மணி ஆகி இரண்டு நிமிடம் இருக்கும். சாவி செய்கிறவர் எழுந்து தன் பெட்டியை மூடினார். பக்கத்தில் செல்போன் கண்ணாடி மாற்றுகிறவர் மேஜையை மடித்தார். பழ வண்டிக்காரர் சக்கரத்துக்குக் கீழே வைத்த கல்லை உதைத்துத் தள்ளினார். செருப்புத் தைப்பவர், பழைய புத்தகக்காரர், சீப்பும் கண்ணாடியும் விற்கிற அக்கா, எல்லோருக்கும் நடுவில் மிஷினைத் தள்ளிக்கொண்டு நாத்தனார். ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு தெரு முழுக்க எழுந்து, பேருந்துக்கு வழி விட்டு, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தது. யாரும் யாருடைய இடத்திலும் உட்காரவில்லை. சாவிக்காரர் காலையிலும் நாத்தனாருக்குப் பக்கத்தில், மத்தியானமும் நாத்தனாருக்குப் பக்கத்தில்.

வெயில் பக்கத்தில் மிஞ்சியது பூட்டும் திருடியும்தான்.

"பதினேழு பேர்" என்றார் பூட்டு. எண்ணியிருக்கிறார். நெற்றியில் வழிந்த வேர்வையைத் துடைக்கக்கூட மறந்து நின்றார். "நம்ம சட்டம் மட்டும் வந்திருந்தா, இவங்க பதினேழு பேரையும் தினமும் ஒரு மணிக்குக் கையும் களவுமா பிடிச்சிருக்கலாம்."

"ஆமா சார்."

"நல்ல சட்டம்னு வேற நெனச்சுக்கிட்டிருந்தோம்." பிறகு பழைய பூட்டு எட்டிப் பார்த்தது. "சரி. ஆனா ரெண்டு இடம் குடுத்தா ஒண்ணை வாடகைக்கு விடுவானே? அந்த ஓட்டை?"

அந்தக் கேள்வியைத்தான் இரவெல்லாம் அவள் மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் நாலு பக்கத்தில் அதற்குப் பதில் இருந்தது, ஆனால் வாசிப்பவருக்குத் தலை சுற்றும். எதிர்ப்பக்கம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்தபோது சட்டென்று உறைத்தது. பதிலை அவள் நேற்றே சொல்லிவிட்டாள். பையைத் தைத்துக்கொண்டே, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி.

"ஒரு ஆளு ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல உக்கார முடியாது சார். அதையே எழுதிடலாம். ரெண்டு இடம் இருக்கட்டும். ஒண்ணுல அவர் இருக்கும்போது இன்னொண்ணு காலியா இருக்கணும். அங்க வேற யாராவது கடை போட்டா அன்னிக்கே ரத்து. வாடகைக்கு விட முடியாது, நிழலுக்கு மாறலாம்."

பூட்டு அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். சாவி சரியாகத் திரும்புகிறதா என்று பார்ப்பவர் முகம். "வெயில்ல நின்னு பேச வேண்டாம். வாங்க, மாப்பிள்ளைகிட்ட குடுத்து உடைக்கச் சொல்லலாம்" என்றார்.

மாப்பிள்ளை முதலில் திருடனாக இருந்து உடைத்துப் பார்த்தது. இரண்டு சின்ன ஓட்டை அகப்பட்டது, சாயங்காலத்துக்குள் அடைத்தார்கள். பிறகு நேர்மையான ஆளாக இருந்து உள்ளே நுழைந்து பார்த்தது. மற்ற முப்பத்தொரு பேருக்கும் கதவு வைக்க வியாழக்கிழமை முழுவதும் ஆயிற்று. பூட்டு தானே வரிசையாகப் பெயர் கூப்பிட்டார்: "ஆஸ்பத்திரிக்காரர் உள்ள வந்துட்டாரா? அம்மாவை உக்கார வச்சவங்க?" வெள்ளிக்கிழமை மசோதா போயிற்று. அடுத்த வாரம் பின்பக்க அறையில் இன்னொரு நாற்காலி வந்திருந்தது. இரண்டு கையும் உள்ள நல்ல நாற்காலி. இனி எந்த மசோதாவானாலும் அதில் ஒருவர் ஒழுங்கான ஆளாக உட்கார வேண்டும் என்று பூட்டு சொல்லிவிட்டார். முதலில் உட்கார்ந்தது திருடிதான். பட்டம் மட்டும் மாறவில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

சட்டம் நடைமுறைக்கு வந்த அன்று திருடி அரை நாள் விடுப்புப் போட்டாள். நாத்தனாரிடம் புது உரிம அட்டை இருந்தது. அதில் இரண்டு இடங்களும் இருந்தன, வங்கிச் சுவர், தபால் நிலையச் சுவர். இப்போது எல்லாவற்றையும் சொல்லலாம். திருடி அச்சான சட்டத்தை எடுத்து ஒன்பதாம் பிரிவைக் காட்டினாள்.

நாத்தனார் விரலை வைத்து மெதுவாக வாசித்தாள். "இது நான் சொன்னதாச்சே."

"நீ சொன்னதுதான்."

"இதுக்கா அன்னிக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சீங்க? நான் அண்ணனை இல்ல போட்டுத் திட்டினேன்!" என்றாள். சிரித்தாள். பிறகு அட்டையைத் துணியால் ஒரு முறை துடைத்து, மிஷின் பெட்டிக்குள் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் பெட்டியை மூடவில்லை. "இனி யாரும் எழுந்திருன்னு சொல்ல முடியாது, இல்ல அண்ணி?"

"முடியாது. நிழல் மட்டும்தான் சொல்லலாம்."

ஒரு மணி ஆயிற்று. சாவிக்காரர் பெட்டியை மூடினார். நடைபாதை இன்ஸ்பெக்டர் தெருமுனையில் நின்றிருந்தார். நாத்தனாரைப் பார்த்தார், பேருந்தை ஒரு கை காட்டி நிறுத்தினார். நாத்தனார் மிஷினைத் தள்ளினாள். திருடி முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ சட்டம் எழுதியிருக்கிறாள். எழுதியதெல்லாம் கட்டுக்கட்டாகக் காகிதத்தில் கிடக்கிறது. அவள் எழுதிய ஒரு வரி தெருவைக் கடந்து போவதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். கண் கலங்கியது. முக்காலியைப் பிடித்திருந்ததால் துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

"சீக்கிரம் வாங்க அண்ணி" என்றாள் நாத்தனார், திரும்பிப் பார்க்காமல். "நான் நின்னுக்கிட்டா தைக்கறது?"